பிலோமினா எடுத்த மண்காற்று

பிலோமினா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்த அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எங்கள் பழைய மேலாளர் பெரிய ரோஜா மாலையோடு வந்துவிட்டிருந்தார். "நம்ம கம்பெனியோட நேர்மையே இந்தப் பொண்ணுதான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிலோமினாவை நினைத்துக் கூடியிருக்கும் உங்களிடம், அந்த நேர்மையை நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மண்ணையும் நீரையும் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் இருவரும் வேலை பார்த்தோம். நான் அலுவலகத்தில் அறிக்கை எழுதுபவன். நச்சு கலந்த நிலங்களுக்குப் போய், மண்ணுக்குள் தேங்கியிருக்கும் காற்றை எடுத்து வருவது அவர் வேலை. இரும்புக் குழாயை இடுப்பளவு ஆழத்துக்கு அடித்து இறக்கி, சுற்றிலும் ஈரக் களிமண் பூசி, முதலில் வரும் காற்றை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைப் புட்டியில் பிடிப்பார். குழாயைச் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்த துணியும் இருக்கும். புட்டிக்குள் ஸ்பிரிட் தெரிந்தால் வெளிக்காற்று புகுந்துவிட்டது, மாதிரி செல்லாது என்று பொருள். பெருமழைக்கு மறுநாள் எடுக்கவே மாட்டார். "ஈர மண்ணுல நச்சுக்காத்து அடைஞ்சுக்கும், எடுத்தா எல்லாம் சுத்தமாத்தான் வரும். அப்படி எடுக்கறதுக்கு வீட்டுலயே உட்காந்துக்கலாம்" என்பார்.

பொம்மசந்திராவில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக்கு ஒருமுறை அவருடன் போனேன். இயந்திர பாகங்களைக் கழுவிய திரவத்தை வருடக்கணக்காகப் பின்பக்கக் குழியில் கொட்டியிருந்தார்கள். கறுத்த சேற்றில் எலிகள் செத்து ஊறிக் கிடந்தன. தித்திப்பான ஒரு நாற்றம் நாக்கில் ஒட்டியது. அங்கே அடுக்குமாடி வரப்போகிறது என்றார்கள். காரில் வந்த மேலாளர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே சொன்னார்: "ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா. கேட் பக்கம் மண்ணு நல்லா இருக்கு, அங்க எடு."

"வீடு இங்கதானே சார் கட்டப் போறாங்க?" என்றார் பிலோமினா. குழாயை அடிப்பதை நிறுத்தவில்லை.

அன்று எடுத்த புட்டிகள் ஆய்வகத்துக்கு வந்து சேரவே இல்லை. மறுவாரம் வேறொருவர் போய் எடுத்து வந்தார். முடிவுகளில் ஒவ்வொரு புட்டியிலும் ஸ்பிரிட். களிமண்ணைக்கூட அவர் ஒழுங்காகப் பூசவில்லை. 'இவை வெளிக்காற்று; செல்லாது' என்று பிலோமினா எழுதிக் கொடுத்தார். அந்த வரியை அறிக்கையிலிருந்து நீக்கிவிடு என்றார் மேலாளர். நீக்கினேன்; நிலம் சுத்தம் என்று அறிக்கை போனது. அன்று மதியம் மசால் தோசையை ருசித்துச் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பிலோமினா அந்த மாதமே வேலையை விட்டார். குடித்தனங்கள் வந்த பிறகு, யாரும் கேட்காமலே அங்கே போய் விசாரித்திருக்கிறார். தரைத்தளத்தில் எல்லாருக்கும் தலைவலி. சமையலறையில் அதே தித்திப்பு நாற்றம். ஒரு வீட்டுத் தரையில் துளையிட்டுக் காற்றை எடுத்து, வேறொரு ஆய்வகத்தில் சோதித்து, அந்தத் தாளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"இதைக் காட்டினா, வீடு கட்டினவங்க உங்க ரிப்போர்ட்டைக் காட்டி என்னைத் துரத்துறாங்கப்பா. நீ வந்து சொல்லணும்."

"வேலை போயிடும், பிலோ."

"போகும்" என்றார்.

குடியிருப்போர் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "தெரிஞ்சேவா சார் பண்ணீங்க?" என்று கேட்டார். தெரிந்தேதான் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு தரைத்தளத்துக் குடும்பங்கள் விடாமல் சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியேறின. சுவர்களை இடித்து அந்தத் தளத்தை வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். என் வேலை போனது. மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கிளை திறந்தார்.

கூட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, "என்னைப் பார்த்தா எனக்கே அருவருப்பா இருக்கு" என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இருக்கட்டும்பா. அது போயிட்டா, அடுத்த ரிப்போர்ட்டுலயும் கையை வெப்பே" என்றார் பிலோமினா. பிறகு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

அவர் புகைப்படம்கூட என்னிடம் இல்லை. போகவிடாதே என்று அவர் சொன்ன அந்த அருவருப்பு மட்டும் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.