என் நாயகி உட்கார்ந்துதான் இருப்பாள்

பதிப்பாசிரியர் போனில் முதலில் நிறையப் புகழ்ந்தார். புகழ்ச்சி நீள நீள, பின்னால் ஏதோ வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய சூப்பர்ஹீரோ நாவல் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். தோட்டத்துப் பெண் ஒருத்தி, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றிலிருந்து மின்னலைக் கிளப்புவது புதுசாக இருக்கிறதாம். பள்ளி நூலகங்களுக்கு அனுப்பலாமாம். ஒரே ஒரு அத்தியாயம்தான் இடிக்கிறதாம்.

"அந்த டேவான் சீன் இருக்குல்லம்மா, அதுல இந்தியப் பசங்கள மட்டும் கூப்பிடறாங்க. எல்லாப் பசங்களையும் கூப்பிட்டாங்கன்னு மாத்திடுங்க. அப்புறம், இவ்ளோ பவர் இருக்கிற பொண்ணு அந்த நேரத்துல போய்ச் சும்மா உட்கார்ந்துடறா. படிக்கிற பிள்ளைங்க ஏமாந்துடுவாங்க லா. ஒரு மின்னல் விடச் சொல்லுங்க. கூரை பிச்சிக்கிட்டுப் போகட்டும்."

"மாத்தலைன்னா?"

"ஸ்கூலுக்குள்ள போகாதும்மா. நான் உள்ளதச் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். பள்ளி மண்டபத்தை டேவான் என்று சொல்கிற அந்தச் சொல்லிலேயே தெரிந்தது, அவரும் ஒருநாள் அதன் தரையில் உட்கார்ந்திருப்பார் என்று. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பள்ளிக்கூடத்துக்குள் போகாத புத்தகத்தை எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வேறெங்கே பார்ப்பார்கள்? அவர்களுக்காகத்தான் எழுதினேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசிக்க ஒன்றுமில்லை, கோபம் ஆறத்தான் நேரம் கேட்டேன். இன்னும் ஆறவில்லை.

எங்கள் தோட்டம், மலேசியாவில் கெமாஸுக்குப் போகும் ரயில் தடத்தை ஒட்டி இருந்தது. நான் பிறக்கும்போதே ரப்பர் பால் எடுத்த கித்தா மரங்களை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். தமிழ்ப்பள்ளி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. இடைநிலைப்பள்ளிக்கு டவுனுக்குப் போகவேண்டும். விடியும் முன்பே பஸ் வந்துவிடும். பாதித் தூக்கத்தில் ஏறுகிற பிள்ளைகளுக்குக் கதை சொல்வதை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்போது நான் நாலாம் படிவம், பதினாறு வயது.

கதைகளில் வருகிற சூப்பர்ஹீரோக்கள் எல்லாரும் உயரமான கட்டடங்களிலிருந்து குதித்தார்கள். எங்கள் தோட்டத்தில் உயரமான கட்டடம் என்றால் தண்ணீர்த் தொட்டிதான். என் நாயகியை அதிலிருந்து குதிக்க வைத்தேன். பஸ்ஸில் கைதட்டு விழுந்தது. அவளுக்கு முகமூடி போடவில்லை. "முகம் தெரிஞ்சுடும்ல அக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். தெரியாது என்றேன். எங்கள் வகுப்பில் என்னோடு சேர்த்து மூன்று இந்தியப் பெண்கள். வருடம் பாதி போயும் மூன்று பேரில் யார் யார் என்று வரலாற்று ஆசிரியைக்குப் பிடிபடவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் என் நாயகிக்கு முகமூடி எதற்கு?

கேண்டீன் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து "அராங்" என்று ஒரு குரல் வரும். கரி என்று அர்த்தம். திரும்பினால் யார் சொன்னது என்று தெரியாது, எல்லாரும் நாசி லெமாக் சோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் நாயகி திரும்பி, "கரி பத்திக்கிட்டா என்னா ஆகும்னு தெரியுமா?" என்று கேட்பாள். அப்புறம் மணிக்கட்டை ஒரு தட்டு. கேண்டீன் விளக்கெல்லாம் பட்டென்று எரிந்து அணையும். அந்த இடம் வந்தால் பஸ்ஸே சேர்ந்து கத்தும். ஓட்டுகிற அங்கிளும் ஹார்ன் அடிப்பார்.

படம் வரைந்தவள் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த சீனத் தோழி. தோட்டத்துக்கு வெளியே மளிகைக் கடை வைத்திருந்தவர்களின் மகள். நான் மலாயில் கதை சொல்லச் சொல்ல அவள் வரைவாள். நாயகியின் கயிறு எப்படி இருக்கும் என்று கேட்டாள். அந்த வருடத் திருவிழாவில், மாரியம்மன் கோயிலில் கட்டிவிட்ட சிவப்புக் கயிற்றைக் காட்டினேன். தனக்கும் வேண்டும் என்றாள். பூசாரியிடம் கேட்டு வாங்கிவந்து, வகுப்பிலேயே கட்டிவிட்டேன். அவளுடைய வெள்ளைக் கையில் அது பளிச்சென்று தெரிந்தது.

இனி என் அண்ணன். என்னைவிட ஒரு வயது மூத்தவன், ஐந்தாம் படிவம், எங்கள் தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பெங்காவாஸ் ஆனவன். பெங்காவாஸ் என்றால் மாணவர் தலைவன், நீலச் சட்டை, நெஞ்சில் பேட்ஜ். அந்தச் சட்டையை அம்மா அடுப்படிக்குக்கூட அண்டவிடமாட்டார், எண்ணெய் படுமாம். அண்ணன் வருடம் முழுக்க முழுக்கை போடுவான், வெயில் மண்டையைப் பிளந்தாலும் கைப்பொத்தானைக் கழற்றமாட்டான். அவன் கையிலும் கயிறு இருந்தது. பள்ளியில் கயிறு கூடாது. அவிழ்க்கவும் அவனுக்கு மனசில்லை, மாட்டிக்கொள்ளவும் மனசில்லை. அந்த முழுக்கையை அம்மா கத்தி மாதிரி மடிப்பு வைத்து அயர்ன் பண்ணுவார்.

ஒருநாள் இரண்டாம் பாடவேளையில் ஒலிபெருக்கி கரகரத்தது. இந்திய ஆண் மாணவர்கள் எல்லாரும் உடனே டேவானுக்கு வரவேண்டும். காரணம் சொல்லவில்லை. எங்கள் வகுப்புப் பையன்கள் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். பழகிப்போயிருந்தது. முதல் நாள் பள்ளிக்குப் பின்னால் ஏதோ சண்டையாம், குண்டர் கும்பலாம். அடித்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எந்த இனம் என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நானும் தோழியும் வகுப்பு வருகைப் பதிவை ஆபீசில் வைக்கப் போனோம். டேவான் வழியில்தான். நின்றோம். சன்னலில் படுக்கைவசமாகக் கண்ணாடிப் பட்டைகள், பாதி திறந்திருந்தன. உள்ளே பையன்கள் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாம் படிவத்துச் சின்னஞ்சிறுசுகள்கூட. கட்டொழுங்கு ஆசிரியர் ஒவ்வொரு கையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். திருவிழா முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, எல்லார் கையிலும் சிவப்புக் கயிறு. அவர் கண்ணுக்கு அது கும்பல் அடையாளமாகத் தெரிந்தது. எங்கள் அம்மனுக்கு ஒரே நாளில் இவ்வளவு பெரிய கும்பல் சேர்ந்துவிட்டது.

அண்ணன் சுவரோரம் நின்றிருந்தான். அவனை உட்காரச் சொல்லவில்லை. ஆசிரியர் அவனிடம் போய்க் கத்திரிக்கோலை நீட்டினார். மலாயில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நீ நல்ல பையன். இவங்க மாதிரி இல்ல. நீயே வெட்டு."

அண்ணன் வாங்கிக்கொண்டான். தினமும் பஸ்ஸில் ஒன்றாக வருகிற பையன்கள், முன்வரிசையில் எங்கள் சித்தி மகன் வேறு. வெட்டினால் இனி அந்தப் பஸ்ஸில் எப்படி ஏறுவான்? வெட்டாவிட்டால் அந்த நீலச் சட்டை? பொய் சொல்லக்கூடாது, அந்த நொடியில் நானும் ஒரு மின்னலுக்காகத்தான் வேண்டினேன். கூரை பிய்த்துக்கொண்டு போகட்டும் என்றுதான் வேண்டினேன்.

அண்ணன் கத்திரிக்கோலை மேடை விளிம்பில் வைத்தான். வலது கைப்பொத்தானைக் கழற்றினான். அந்த மடிப்புக் கலையாத முழுக்கையை மெதுவாக முழங்கைவரை சுருட்டினான். கயிறு தெரிந்தது. அப்புறம் பேட்ஜைக் கழற்றிக் கத்திரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முன்வரிசையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஆசிரியர் எழுந்திரு என்றார். அவன் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்போதுதான் என் தோழி சன்னல் பட்டைகளுக்கு நடுவில் கையை உள்ளே நுழைத்தாள். "சிகு, எனக்கும் இருக்கு!" என்று ஆசிரியரைப் பார்த்துக் கத்தினாள். டேவான் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கையில் இருந்தது அதே நூல்கண்டிலிருந்து வந்த அதே சிவப்பு. இத்தனை நாளும் அந்தக் கையோடு அவரைத் தாண்டித்தான் தினமும் போய்வந்தாள்.

அவர் பார்த்தார். "நீ வேற," என்றார். "வகுப்புக்குப் போ."

அவ்வளவுதான். நீ வேற. நீ இவர்களில் சேர்த்தி இல்லை என்கிற அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு எனக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையில்லாமல் போயிற்று. கத்திரிக்கோலை அவரே எடுத்தார். முதலில் அண்ணன் கயிற்றைத்தான் வெட்டினார். அண்ணன் கையை இழுக்கவும் இல்லை, குனியவும் இல்லை, வெட்டுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வையை முதலில் திருப்பிக்கொண்டவர் அவர்தான்.

சாயங்காலம் பஸ் ஏறினோம். பையன்கள் எல்லாரும் வெறும் மணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ரயில் கேட்டில் நிற்கும்போது ஒருவன் கேட்டான்.

"அக்கா, கதை சொல்லு. அவ டேவானுக்கு வந்தாளா?"

"வந்தா."

"எரிச்சாளா?"

கடைசி சீட்டில் அண்ணன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எரித்தாள் என்று சொன்னால் பஸ்ஸே கத்தும். ஹார்னும் கேட்கும். ஆனால் அப்படிச் சொன்னால், அண்ணன் செய்தது என்ன? ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

"உட்கார்ந்தா," என்றேன். "எல்லாரோடயும் போய் உட்கார்ந்தா."

"அவ்ளோதானா?" என்றான் ஒருவன். எங்கள் சித்தி மகன் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினான். "வாயை மூடு லா. நீ அங்க இருந்தல்ல?"

வீட்டில் அம்மா பிடித்த பிடி இருக்கிறதே. அடுத்த வாரச் சபைகூடலில் பதவியைப் பறிப்பார்கள் என்று அண்ணன் சொன்னதும் கரண்டியோடு வந்துவிட்டார். "ஒன்னைய வேற மாதிரி வச்சிருந்தாங்க இல்ல? நீயா போய் ஏன்டா உட்கார்ந்த? அந்தச் சட்டைக்காக நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்து, அப்பா வேலை முடிந்து வரும்வரை நிறுத்தவில்லை. அப்பா கேட்டுவிட்டு, குளிக்கப் போய்விட்டார். எனக்கு அம்மாமீது அப்படி ஒரு கோபம்.

மறுநாள் விடியலில் நாங்கள் கிளம்பும்போது நாற்காலியில் அண்ணன் சட்டை அயர்ன் பண்ணித் தொங்கியது. சாதாரண வெள்ளைச் சட்டை. அரைக்கை. அம்மா முகத்தில் இன்னும் சிடுசிடுப்பு குறையவில்லை. "கையக் காட்டு," என்றார். சாமி மாடத்திலிருந்து எடுத்த புதுக் கயிற்றை அண்ணன் மணிக்கட்டில் கட்டி, இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். அப்புறம் "பஸ் வந்துரும், போ" என்று துரத்தினார்.

அதையும் பள்ளியில் வெட்டினார்கள். அம்மா மறுபடியும் கட்டினார். எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை, முதலில் அலுத்துப்போனது எங்கள் அம்மா இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பதிப்பாசிரியர் போன் செய்த வாரக்கடைசியில் செண்டாயானுக்குப் போனேன். அண்ணன் அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியன். அம்மாவும் அவனோடுதான். விஷயத்தைச் சொன்னேன். அந்த அத்தியாயம் அவனுடையது, அவனைக் கேட்காமல் முடிவு செய்வது முறையில்லை.

"கூரை பிச்சிக்கிட்டுப் போகணுமாமா?" அண்ணன் சிரித்தான். "போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா போகலையே. நான் நிமிர்ந்து பார்த்தேன், அங்கயேதான் இருந்துச்சு."

"மாத்தலைன்னா ஸ்கூலுக்குப் போகாது ணே."

"இந்தியப் பசங்கள மட்டும் கூப்பிட்டாங்கங்கறத மாத்திட்டா, அப்புறம் ஸ்கூலுக்குப் போறது என்னா? வேற எவனோட கதையோதான்."

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் கையில கத்திரிக்கோலக் குடுத்தாங்களே, அத எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன் மா."

"அப்ப அத எடுக்காத."

லோபாக்கில் என் வீட்டுக்குத் திரும்பியதும் பதிப்பாசிரியருக்கு எழுதினேன். பள்ளி நூலகங்களுக்குப் போகாவிட்டால் பரவாயில்லை, நானே அச்சடித்துப் பஸ் நிற்கிற இடங்களில் போய்க் கொடுத்துக்கொள்கிறேன். டேவானில் இந்திய மாணவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். என் நாயகி அவர்களோடு உட்கார்ந்துதான் இருப்பாள். ஆனாலும் நீங்கள் கேட்டபடி அந்த அத்தியாயத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன் சார். முடிவில் அவள் அம்மா வருகிறாள், மறுநாள் காலை மகளுக்கு ஒரு அரைக்கைச் சட்டையை அயர்ன் பண்ணுகிறாள்.