தடைக்காலத்து ஐஸ்

இதனால் புதுச்சேரி வாழ் பெருமக்கள் அனைவருக்கும் மிகுந்த பணிவோடும் பொறுப்போடும் அறிவிக்கப்படுவது யாதெனில், கீழே வருவது உண்மையில் நடந்தது. நள்ளிரவில் அல்ல. பட்டப்பகல், மணி 12.42. மே மாதம். நாய்கூட நிழலை விட்டு வெளியே வராத வெயில். நம்பாதவர்கள் குருசுக்குப்பத்துக்குப் போய் டிரைவர் அருள்பிரகாஷைப் பார்க்கலாம். கை மட்டும் குலுக்க வேண்டாம்.

குருசுக்குப்பத்தில் ஒரு நலச்சங்கம். அதன் நிறுவனர், தலைவர், பொருளாளர், புரவலர் நால்வரும் ஒருவரே. பெயர் பிரான்சுவா. மகன் பாரிசில் இருப்பதால், 'மெஸ்யே பிரான்சுவா' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். பிணம் வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். கண்ணாடி மூடியின் நடுவே, கைகூப்பிச் சிரிக்கும் அவருடைய கலர்ப் படம். கீழே கொட்டை எழுத்தில் 'உபயம்'. உள்ளே படுத்திருப்பவர் முகம் தெரிகிறதோ இல்லையோ, தலைவர் முகம் தெரியும்.

திறப்பு விழா வியாழக்கிழமை பகல் ஒன்றேகாலுக்கு. ரிப்பன், முக்கிய விருந்தினர், மட்டன் பிரியாணி, எல்லாம் தயார். பெட்டி மட்டும் இல்லை.

அது காலாப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் இருந்தது. புதன் இரவு அங்கே சாமிக்கண்ணு என்பவர் இறந்துபோனார். அவர் மனைவி வரலட்சுமி அழுததைப் பார்த்துவிட்டு, சங்கத்துக்கு வண்டி ஓட்டும் அருள்பிரகாஷ் தலைவரிடம் கேட்காமலே பெட்டியைத் தன் ஆம்னி வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். ஒரே மகள் சத்யப்பிரியாவைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் பஸ் பிடித்து வந்து சேர மறுநாள் மாலை நாலு ஆகும்.

"நாலு மணி வரைக்கும் பெட்டி இங்கதான் இருக்கும். நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

வியாழன் பகல் 11.50க்கு அதே வீட்டுக்குள் தலைவருக்குப் பின்னால் தலைகுனிந்து நுழைந்தான்.

"ஏம்மா, இன்னும் தொறப்பு விழாவே நடக்கல. அதுக்குள்ள ஆளைப் படுக்க வெச்சிருக்கீங்களே, இன்னா நியாயம் இது?"

"நாலு மணி வரைக்கும் விடுங்கய்யா. பொண்ணு அப்பன் மூஞ்சைப் பார்க்கணும்."

"விழா முடிஞ்சதும் உனக்குத்தான் மொதல்ல. அதுவரைக்கும் ஐஸ் வாங்கி அடுக்கி வையி."

"மீன்புடி தடைக்காலத்துல ஐஸுக்கு எங்கய்யா போவேன்? போட்டெல்லாம் கரையில கெடக்குது. ஐஸ் கம்பெனி பூட்டி ஒரு மாசமாச்சு. இந்த வெயில்ல..." அவள் அருள்பிரகாஷைப் பார்த்தாள். "நீ சொன்னியே தம்பி."

அவன் சாமிக்கண்ணுவின் கால்களைப் பிடித்தான். உறவுக்காரர் ஒருவர் தோளைப் பிடித்தார். மரப் பெஞ்சில் இறக்கினார்கள். தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடியில் இருந்த முகத்தை.

12.31. வேன் கிளம்பியது. பெட்டி நீளமானது. பின்கதவை மூட முடியாமல் கயிறு கட்டியிருந்தார்கள். சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒற்றைத் தார் ரோடு. எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை.

"விழா முடியட்டும், உன்னை வெச்சுக்கிறேன்" என்றார் தலைவர்.

12.37. பின்னால் ஒரு சத்தம்.

உம்ம்ம்ம்...

"தலைவரே, பெட்டி ஓடுது."

"பிளக்கைப் புடுங்குனியா இல்லியா?"

"ஒயரு உங்க மடியிலதான இருக்குது."

இருந்தது. சுருட்டிய ஒயர். முனையில் பிளக். தலைவர் அதைப் பார்த்தார்.

12.39. வேனுக்குள் ஜில்லென்றது. அந்த வேனில் ஏசி கிடையாது. தலைவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் வாயிலிருந்து புகை வந்தது. சிகரெட் பழக்கம் இல்லாதவர்.

12.40. முன்னால் ரோட்டில் தண்ணீர் தேங்கியதுபோல் ஒரு பளபளப்பு. கானல்நீர். வெயிலில் தினமும் பார்ப்பதுதான். கிட்டே போகப் போக விலகிக்கொண்டே போகும்.

இது விலகவில்லை.

அருள்பிரகாஷ் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பெட்டியின் மூடி பனி படிந்து வெளுத்திருந்தது. அதில் ஓரிடம் மட்டும்... மெதுவாக... தெளிந்தது.

யாரோ துடைப்பதுபோல.

உள்ளேயிருந்து.

"தலைவரே..."

"பேசாம ஓட்டு."

12.42.

ஐஸ்.

ரோடு முழுக்க.

பிரேக்கை மிதித்தான்.

சர்ர்ர்ர்ர்...

வேன் பனைமரத்தில் மோதி நின்றது. பெட்டி நிற்கவில்லை. முன்னால் பாய்ந்து தலைவரின் பிடரியில் இடித்தது. அருள்பிரகாஷ் கதவோடு வெளியே விழுந்தான். வலது உள்ளங்கை ரோட்டில் ஒட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். தோல் அங்கேயே இருந்துவிட்டது.

"தலைவரே?"

தலைவர் அசையவில்லை. உம்ம்ம்ம்... மட்டும். பிறகு அதுவும் நின்றது.

12.55க்கு ஆட்கள் ஓடி வந்தபோது ரோட்டில் ஐஸ் இல்லை. ஈரம்கூட இல்லை. செருப்பில்லாமல் வந்த ஒருவர் தார்ச் சூடு தாங்காமல் துள்ளினார். போலீஸ்காரர் 'தூக்கக் கலக்கம்' என்று எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் அந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உறைபனியில பட்ட காயம். சிம்லா கிம்லா போயிருந்தீங்களா?"

"காலாப்பட்டு போயிருந்தேன் சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. 'தீக்காயம்' என்று எழுதினார்.

பதினோராம் நாள், கட்டுப்போட்ட கையோடு அவன் வரலட்சுமி வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"விடு தம்பி. பொண்ணு அப்பன் மூஞ்சைப் பார்த்துட்டா. தூங்குற மாதிரி இருந்தாரு."

"அந்த வெயில்லயா? எப்படிக்கா?"

"அதான் எனக்கும் புரியல. ரோட்டுல வேன் மோதிடுச்சுன்னு சேதி வந்துச்சு பாரு, அப்பதான் ஆரம்பிச்சுது. ஒடம்பு ஐஸ் பார் மாதிரி ஆயிடுச்சு. மீசையில பனி. பெஞ்சுக்கு அடியில சொட்டுச் சொட்டா தண்ணி. அவ வந்து கையைப் புடிச்சு அழுதா. அப்புறந்தான் நின்னுச்சு." பிறகு கேட்டாள். "உங்க தலைவருக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"



வேன் மோதிய மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, பிரேதப் பரிசோதனை முடிந்து தலைவர் வீட்டுக்கு வந்தார். மகன் பாரிசிலிருந்து வந்து சேர சனிக்கிழமை ஆகும். சங்கத்தின் பெட்டி நொறுங்கிவிட்டதால் வாடகைக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். மோட்டார் ஓடியது. லைட் எரிந்தது. குளிரவில்லை. இரண்டாவது பெட்டி. குளிரவில்லை. மூன்றாவதும் அப்படியே. ஐஸுக்கு ஆள் அனுப்பினார்கள். தடைக்காலம். வெள்ளி சாயங்காலமே சவப்பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். மறுநாள் வந்த மகன், ஒரே ஒரு தடவை திறக்கச் சொல்லிக் கெஞ்சினான். யாரும் திறக்கவில்லை. சவப்பெட்டி மேல் வைத்திருந்த கைகூப்பிய படத்தைப் பார்த்து அழுதுவிட்டுப் போனான்.

அருள்பிரகாஷின் புண் ஆறிவிட்டது. கை சூடாகவில்லை. நடுப்பகல் வெயிலில் மணிக்கணக்காக நீட்டிக்கொண்டு நிற்கிறான். பார்க்கிறவர்கள், உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம் என்கிறார்கள். அவனுடைய மூன்று வயது மகள் ஜாஸ்லின் அந்தக் கையைப் பிடிப்பதில்லை.

திறப்பு விழா கடைசிவரை நடக்கவில்லை. பிரியாணி மட்டும் அன்றே தீர்ந்துவிட்டது.