கை காட்டினால் நிற்கும் ரயில்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மொன்றியலுக்கு வந்து இத்தனை வருடமாகியும் தெரியாது என்று சொன்னால் நம் சனம் முதலில் பாவம் பார்க்கும், பிறகு புத்தி சொல்லும். இரண்டையும் சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டு நான் என் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவேன். சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில்தான் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தேன். பனிப்புயல் அடித்த நாட்களில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பிந்தி வந்தார்கள். நான் பிந்தியதில்லை. எந்த பஸ் எப்போது வரும், அது வராவிட்டால் எந்தத் தெருவுக்கு நடந்து எதைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் வீட்டில் ஓட்டுநர் என் கணவர். அவரிடம் ஒரு பெரிய வான் இருந்தது. எங்கள் மாதா கோயில் பங்கில் யாருக்கு விமான நிலையம் போக வேண்டும், யார் வீடு மாறுகிறார்கள், எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆஸ்பத்திரி என்றாலும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கோயில் வாசலில் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைத் தேடிப் பிடிப்பார். "ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்." அவர் வாயில் அதிகம் வந்த வசனம் இதுதான். ஏறியவரின் வீடு எங்கள் வழியில் இல்லையென்றால் அவருக்கு இன்னும் சந்தோசம்.

பிறகு அவருக்குக் கண் அழுத்த நோய் வந்தது. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. இனிமேல் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது மனுசன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வானை விற்றோம். பங்குச் சனம் நன்றி மறக்காத சனம், வீட்டு வாசலுக்கே கார் கொண்டுவந்தார்கள். சில தடவை ஏறினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குத் தலையிடி வரத் தொடங்கியது. என்ன இது என்று ஒருநாள் சண்டைக்கு நின்றேன்.

"எல்லாரையும் ஏத்தி இறக்கின நான்," என்றார், "இப்ப பின்சீற்றிலை பார்சல் மாதிரிப் போறதோ?"

பஸ்ஸில் வாருங்கள் என்றால் அதுவும் மாட்டாராம். பூசைக்குப் போவது நின்றது. கலியாண வீடுகள் நின்றன. யன்னலோரக் கதிரையில் இருந்து தெருவில் போகும் வாகனங்களைப் பார்ப்பார். இந்த மனுசன் இப்படியே அந்தக் கதிரைக்குள் முடிந்துபோய்விடுவார் என்று நான் பயந்தேன். உண்மையாகவே பயந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஒருநாள் தொலைக்காட்சியில் ஒரு ரயிலைக் காட்டினார்கள். இரண்டே பெட்டி. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். போகப்போக அது நீண்டதொரு மரப்பாலத்தில் ஏறித் தண்ணீருக்கு மேலால் போனது. இவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிக்குக் கிட்ட வந்து இருந்தார். "எங்கடை மன்னார்க் கோச்சி மாதிரி," என்று ஊரில் கடலுக்கு மேலால் போகும் ரயிலை நினைத்துச் சொன்னார். பிறகு அது எந்த இடம் என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த கேள்வி அது. வேல்ஸ் என்று சொன்னேன். அன்று இரவே நான் முடிவு செய்துவிட்டேன், அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

வேல்ஸ் லண்டனுக்குப் பக்கம். லண்டனில் என் தம்பி இருக்கிறான். நாங்கள் முன்பும் லண்டன் போயிருக்கிறோம், ஆனால் லண்டனைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. தம்பியின் காரில் ஏறி ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்குவோம், தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த சொந்தக்காரர் வீட்டுக்கு ஏறுவோம். நாங்கள் பார்த்த இங்கிலாந்து முழுக்க ஆட்களின் வரவேற்பறைகளும் அவர்கள் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களும்தான்.

இந்த முறை அப்படியில்லை, வேல்ஸ் முழுவதும் ரயிலிலும் பஸ்ஸிலும்தான் என்று நான் சொன்னதும் வீடு இரண்டுபட்டது. வில்லரேயில் இருக்கும் மகள் பிரெஞ்சில் அலுத்துக்கொண்டாள். இந்த வயதில் பஸ் தரிப்பில் நிற்கவா இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்டாள். தம்பி தொலைபேசியில், தான் லீவு எடுத்துக் காரிலே எல்லா இடமும் காட்டுவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அடுத்த கிழமையும் தொலைபேசி எடுத்தான், வேண்டாம் என்றேன். அதற்கடுத்த கிழமையும் அப்படியே. பஸ்ஸில் ஊர் சுற்றுவதற்காக வெளிநாடு போன முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம் என்று இவர் கதிரையில் இருந்தபடியே சொன்னார். நான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த பில்லுகளையெல்லாம் கழற்றிவிட்டு வேல்ஸ் வரைபடத்தை ஒட்டினேன்.

அந்தக் கதவுக்கு முன்னால் கதிரை போட்டு நான் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். ஊர்ப் பெயர்களை வாசிக்கவே மூச்சு முட்டியது. நேர அட்டவணைகளில் அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு இருந்தது. ஆனால் பஸ் என்பது எங்கே ஓடினாலும் பஸ்தான். கடைசி பஸ்ஸை நம்பித் திட்டம் போடக்கூடாது, அதற்கு முந்தியதை நம்ப வேண்டும். தங்கும் இடம் தரிப்பிடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு படியேற முடியாத பெட்டியைக் கொண்டுபோகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பல கிராமங்களுக்கு பஸ்ஸே இல்லை என்று கண்டுபிடித்தபோது என் தோளை நானே தட்டிக்கொண்டேன். ஞாயிறு ஓர் ஊரில் இருந்து பூசை பார்ப்பது, திங்கள் பயணம் என்று மாற்றி எழுதினேன். லண்டனிலிருந்து போகும் வழியில் ஒரு சந்தியில் ரயில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ஓர் ஊருக்கும் மறுபாதி வேறு ஊருக்கும் போகும் என்பதையும் கண்டுபிடித்தேன். பிழையான பெட்டியில் ஏறியிருந்தால் தங்கும் இடம் ஓர் ஊரிலும் நாங்கள் வேறோர் ஊரிலும் இருந்திருப்போம்.

இவர் கிட்ட வரவேயில்லை. ஆனால் தேத்தண்ணி எடுக்க வரும் சாட்டில் கதவைப் பார்ப்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கடலோரப் பாதையில் சில சின்னத் தரிப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டிருந்தது. என்ன குறி என்று தேடிப் பார்த்தேன். அந்த இடங்களில் ரயில் தானாக நிற்காதாம். மேடையில் நின்று கையை நீட்டினால்தான் நிற்குமாம். இதை வாசித்ததும் நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.  யன்னலோரக் கதிரையிலிருந்து இவர் எழும்பி வந்தார்.

"கோச்சியை மறிக்கலாமோ? கையாலை?"

"ஓம். கை காட்டினா நிக்குமாம்."

"ஆரும் காட்டலாமோ?"

"ஏறப்போற ஆள் ஆரெண்டாலும் காட்டலாம்."

அவர் வரைபடத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் அந்த இடத்தைத் தேடினார். நான் விரலால் காட்டினேன். அந்த மரப்பாலத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருந்தது அது. அப்போதே திட்டத்தை மாற்றினேன். பாலத்தை ரயிலில் போய்ச் சேரும்போது கடக்கக்கூடாது. முதலில் வேறு பக்கத்தால் மலைப் பாதை பஸ்ஸில் அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டும். அடுத்த நாள் அந்தச் சின்னத் தரிப்பில் இவர் கையால் ரயிலை மறித்து, அதில் ஏறிப் பாலத்தைக் கடக்க வேண்டும்.

அதற்கு முதல் இவரை பஸ்ஸில் போகப் பழக்க வேண்டியிருந்தது. லாசாலில் ஒரு பிள்ளையின் திருமுழுக்கு வந்தது. கார் அனுப்புகிறோம் என்றவர்களிடம் வேண்டாம் என்றுவிட்டு பஸ், மெத்ரோ, மறுபடி பஸ் என்று கூட்டிப்போனேன். சிவப்பு விளக்கு வரும் ஒவ்வொரு முறையும் இவருடைய வலது கால் பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. ஓட்டுநர் எந்த லேனில் போயிருக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். இறங்கும்போது "மெர்சி" என்று அந்த ஓட்டுநருக்குச் சொன்னார், ஒரு ஓட்டுநர் இன்னொருவருக்குச் சொல்கிற மாதிரி. எங்களுக்கு முன்னால் காரில் வெளிக்கிட்டவர்கள் வீதி வேலையில் மாட்டிப் பிந்தித்தான் வந்தார்கள்.  நான் ஒரு பார்வை மட்டும் பார்த்தேன்.

கோடையில் போனோம். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகத் தம்பிக்கு அனுமதி கொடுத்தேன், அதோடு சரி. அவன் கவலைப்படாமல் இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டிக் கதவைப் படம் பிடித்து முன்பே அவனுக்கு அனுப்பியிருந்தேன். எந்த நாள், எந்த இடம், எந்த ரயில் எல்லாம் அதில் இருந்தது.

வேல்ஸில் என் திட்டம் பிசகாமல் ஓடியது. சரியான பெட்டியில் இருந்தோம். கடற்கரை நகரம் ஒன்றில் ஞாயிறு பூசை பார்த்தோம், எங்களைத் தவிர எல்லாரும் அந்த ஊர்க்காரர். திங்கள் மலைப் பாதை பஸ்ஸில் ஏறினோம். பாதை ஒடுக்கம், இரண்டு பக்கமும் கல் மதில், மதிலுக்கு மேலால் ஆடுகள் பார்த்தன. எதிரே லொறி வந்தபோது எங்கள் ஓட்டுநர் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்ட அழகைப் பார்த்து இவர் வாயைத் திறந்தபடி இருந்தார். நான் ஓட்டியிருந்தாலும் இப்படித்தான் எடுத்திருப்பேன் என்று பிறகு சொன்னார். சொல்லும்போது குரலில் கவலை இருக்கவில்லை.

மறுநாள் காலை அந்தச் சின்னத் தரிப்புக்கு நடந்தோம். ஒரு மேடை, ஒரு கூரை, இருக்க ஒரு வாங்கு. தூறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கார் நின்றது. கதவைத் திறந்துகொண்டு என் தம்பி இறங்கினான்.

விடியமுன்னம் லண்டனில் வெளிக்கிட்டானாம். மனைவி கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலும் கட்லட்டும் முன்சீற்றில் இருந்தன. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வேண்டாம், வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன் என்று கேட்டேன்.

"அக்கா, நீங்கள் எப்பதான் முதல் கேக்கேக்கை ஓம் எண்டனீங்கள்?" என்றான்.

 நம் வீடுகளில் வேண்டாம் என்றால் இன்னொரு முறை கேள் என்றுதான் அர்த்தம். தேத்தண்ணிக்கு வேண்டாம், சாப்பாட்டுக்கு வேண்டாம், கடைசியில் இரண்டாவது தரமும் வாங்கிச் சாப்பிடுவோம். நானும் அப்படியே வளர்ந்து அப்படியே வாழ்ந்தவள். அவன் என் வேண்டாம் என்பதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறான். அத்தான் பஸ் தரிப்புகளில் நிற்க, தான் வீட்டில் இருந்தால் நாளைக்குச் சனம் என்ன கதைக்கும் என்பதும் அவன் முகத்தில் தெரிந்தது.

"அத்தான், மழையிலை நனையாதேங்கோ. ஏறுங்கோ," என்று பின்கதவைத் திறந்து பிடித்தான்.

இவர் அந்தப் பின்சீற்றைப் பார்த்தார். காருக்குள்ளிருந்து சூடும் சாப்பாட்டு வாசனையும் வந்தன. என் மாதக்கணக்கான திட்டமும், அந்த யன்னலோரக் கதிரையும் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் வாயைத் திறந்தால் அது என் பயணமாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. இவர் தம்பியின் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு மேடைக்குப் போனார். பக்கத்தில் வருவது தெரியாதென்பதால் உடம்பை முழுதாகத் திருப்பி ரயில் வரும் பக்கத்துக்கு நேரே நின்றார். ரயில் வளைவில் தெரிந்ததும் கையை நீட்டினார். அது வந்த வேகத்தைப் பார்த்தபோது நிற்காது என்றுதான் நினைத்தேன். பிறகு வேகம் குறைந்தது. மலையோரமாக வந்த அந்த ரயில், உள்ளே இருந்த அத்தனை பேரோடும், என் மனுசனுடைய ஒரு கைக்காக வந்து நின்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அழுகையும் வந்தது, அதை மழை என்று சொல்லிச் சமாளித்தேன்.

கதவு திறந்தது. இவர் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார். தம்பி இன்னும் கார்க் கதவைப் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தான்.

"மச்சான், காரைப் பூட்டிப்போட்டு ஏறும்," என்றார். "நான் கொண்டுபோய் விடுறன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறினான்.