நாலாவது சிவப்பு இழை

ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயர் பெருக்கல். ஐந்து மாடிக் கட்டடத்தின் பழைய லிஃப்டில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கட்டம் கட்டமான துணியில் பெருக்கல் குறிகளாகவே தைத்துத் தள்ளும் நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அவர் கோபித்துக்கொள்வதில்லை. கிராஸ் ஸ்டிச் அவருக்குச் சோறு மாதிரி, கதைப் புத்தகம் தண்ணீர் மாதிரி. இரண்டையும் லிஃப்ட் ஓட்டும் வேலையையும் ஒரே நாளுக்குள் அடைக்க அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: காலையில் டாக்டர்கள் சுற்றி வரும் வரை எதையும் தொடுவதில்லை. பதினொன்று முதல் ஒன்று வரை ஊசி. சாப்பிட்ட பிறகு துணியின் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மிதக்கும். அதனால் மூன்று மணி வரை புத்தகம். இந்த எல்லையைத் தாண்டினால் வம்புதான். ஒருமுறை கதாநாயகியைக் கிணற்றில் தள்ளிவிட்ட அத்தியாயத்தைப் படித்த சூட்டோடு ஊசியை எடுத்ததில், அவர் தைத்த சேவலுக்கு மூன்று கால்கள் வந்துவிட்டன.

புத்தகம் அவருடையது மட்டுமல்ல. இரண்டாம் மாடி எக்ஸ்ரே அறையில் மூன்று மணிக்கு வேலைக்கு வருபவருக்கு எலும்பு என்று பெயர். இருவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். பகலில் பெருக்கல் படிப்பார், சாயங்காலம் எலும்பு படிப்பார். மூன்று மணிக்குக் கைமாறும்.

வீட்டில் இருப்பது தங்கையும் அவளுடைய பதினொரு மாதப் பெண் குழந்தையும். மச்சான் கப்பலில் வேலை செய்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். குழந்தை கொழுகொழுவென்று இருந்ததால் மாமன் வைத்த பெயர் மூட்டை. மூட்டை தவழத் தொடங்கிய அன்றே தங்கை ஒரு நிபந்தனை போட்டாள்.

"அண்ணா, நீ தைக்கறத நான் வேணாங்கல. ஆனா ஒரு ஊசி தரையில கிடந்தாலும் நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு கிளம்பிடுவேன். அப்புறம் நீயும் உன் சேவலும் குடித்தனம் பண்ணுங்க."

"மூணே மூணு ஊசிம்மா. எண்ணித்தான் எடுப்பேன், எண்ணித்தான் வைப்பேன்."

மிட்டாய் வந்த சின்னத் தகர டப்பாவில் அந்த மூன்றும் இருக்கும். டப்பா பைக்குள், பை ஆணியில், ஆணி மூட்டைக்கு எட்டாத உயரத்தில். ஐந்து மாதமாக அந்த வாக்கு பிசகவில்லை.

அன்று பையின் வார் அறுந்துபோயிற்று.

வழக்கம்போல் மூன்றரைக்கு வீடு வந்தவர், ஆஸ்பத்திரி அழுக்கோடு குழந்தையைத் தொடக் கூடாதே என்று நேராகக் குளிக்கப் போனார். வார் இல்லாத பையை எங்கே மாட்டுவது? நாற்காலியில் வைத்தார். ஆணியில் வீட்டுச் சாவி மட்டும் தொங்கியது. பத்து நிமிடம்தான். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பை தரையில் வாய் பிளந்து கிடந்தது. துணி ஒரு பக்கம், நூல் சுற்றிய அட்டை ஒரு பக்கம். நடுவில் ராணி மாதிரி மூட்டை, மாமனைப் பார்த்து இரண்டு கீழ்ப் பற்களும் தெரியச் சிரித்தது.

டப்பா மூடித்தான் இருந்தது. அப்பாடா என்று திறந்தார்.

இரண்டு.

விரல் நுனியால் தள்ளிப் பார்த்தார். கவிழ்த்துத் தட்டினார். இரண்டுதான். துணியை உதறினார். பாதி தைத்த கொண்டையோடு சேவல் அவரை முறைத்தது. ஊசி அதில் இல்லை. கொண்டைக்காகக் காலையில் சிவப்பு நூலை நான்கு இழையாக வெட்டி அட்டையில் செருகியிருந்தார். மூன்றைத் தைத்து முடித்தது நன்றாக நினைவிருக்கிறது. நான்காவது அட்டையில் இல்லை.

அதை ஊசியில் கோத்தாரா, கோக்கவில்லையா?

எவ்வளவு யோசித்தும் அந்த இடம் மட்டும் இருட்டாக இருந்தது. முதுகில் துவட்டாத தண்ணீர் பனிக்கட்டியாக இறங்கியது.

தரையில் மண்டியிட்டார். அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கி, பாயின் ஓரம், நாற்காலியின் அடி, கதவு இடுக்கு என்று தடவிக்கொண்டே போனார். தலைமுடிக்குப் போடும் கிளிப் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஒரு கணம் உயிர் போய் வந்தது. பைக்குள் போன் அடித்தது. எலும்பு. கதை பேச இதுவா நேரம்? அடிக்கட்டும் என்று விட்டார். மறுபடியும் அடித்தது.

சமையலறை வாசலில் தங்கை வந்து நின்றாள்.

"என்ன தேடுற?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளே என்று நாக்கு பின்வாங்கியது. இதோ கிடைத்துவிடும், கிடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

"சாவிம்மா. எங்கயோ விழுந்துடுச்சு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் மூட்டை குமட்டியது. ஒருமுறை, இருமுறை. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்தது. உதட்டின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று வழிந்தது.

"ஐயோ ரத்தம்!" என்று பாய்ந்து தூக்கினாள் தங்கை. தூக்கிய பிறகுதான் தெரிந்தது. "ரத்தம் இல்லண்ணா, நூலு! நூல முழுங்கியிருக்கு!" இரண்டு விரலால் நூலைப் பிடித்துவிட்டாள்.

"இழுக்காத!"

அந்த வீட்டில் அவர் குரல் அப்படி உயர்ந்ததே இல்லை. தங்கையின் கை அந்தரத்தில் நின்றது.

"ஏன்?"

"அந்தப் பக்கம் ஊசி இருக்கலாம்."

சொல்லிவிட்டார். அவள் முகத்தில் நிறம் வடிந்ததைப் பார்த்தார். இழுத்தால் ஊசி தொண்டையில் குறுக்கே திரும்பும். முனை மழுங்கிய ஊசிதான். ஆனால் ஒரு விரல் அகலம்கூட இல்லாத தொண்டைக்கு மழுங்கல் என்ன, கூர் என்ன?

"புள்ள கையைப் பிடி. அதுவா இழுத்துடப் போகுது. படுக்க வைக்காத, நிமித்தியே வெச்சிரு. நான் ஆட்டோ கூப்புடறேன்."

ஆட்டோவில் குழந்தையின் இரண்டு கைகளும் அவர் கைக்குள் இருந்தன. ஏன் பிடித்திருக்கிறார் என்று தெரியாமல் மூட்டை திமிறித் திமிறி அழுதது. அழும்போதெல்லாம் அந்தச் சிவப்பு இழை ஒரு நெல் அளவு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. அதை ஒட்டியே அவர் உயிரும் போய் வந்தது. வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும், "மெதுவா, அண்ணே, மெதுவா" என்றார். உடனே, "சீக்கிரம், அண்ணே" என்றார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்," என்றார் ஆட்டோக்காரர்.

தங்கை அந்த இழையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அவசரப் பிரிவு டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "நூல யாராவது இழுத்தீங்களா?"

"இல்லம்மா."

"நல்ல வேளை. யாரும் தொடாதீங்க. முதல்ல எக்ஸ்ரே. ரெண்டாவது மாடிக்கு ஓடுங்க."

அவருடைய லிஃப்ட்! நான்காம் மாடியில் நின்றது, படியேறினால் குழந்தை குலுங்கும். வருடக்கணக்காக மற்றவர்களை அதன் வாசலில் காத்திருக்க வைத்தவர், இன்று தானே காத்து நின்றார். ஒரு மாடி இறங்க இரண்டு தையல் நேரம் ஆகும். நான்கு மாடிக்கு எட்டுத் தையல். ஒவ்வொன்றாக எண்ணினார். எட்டையும் மூட்டையின் நெஞ்சிலேயே தைப்பது போலிருந்தது.

எக்ஸ்ரே அறையில் எலும்பு எழுந்து நின்றார். "பெருக்கலு! நானே உனக்கு..."

"அப்புறம் பேசலாம்யா! புள்ள முழுங்கிடுச்சு, முதல்ல எடு!"

அவர் குரலைக் கேட்டதும் எலும்பு வாயை மூடிக்கொண்டார். ஈயம் பொதிந்த கனமான மேலங்கியை மாட்டிக்கொண்டு அண்ணனும் தங்கையும் ஆளுக்கு ஒரு பக்கம் குழந்தையைப் பிடித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலும்பு குனிந்தார். க்ளிக் என்றது. இன்னொரு க்ளிக்.

இந்த அறையிலிருந்து எத்தனை அம்மாக்களைப் பெருக்கல் லிஃப்டில் இறக்கியிருக்கிறார்! அவர்கள் முகத்தைப் பார்க்காமல் மடியிலிருக்கும் துணியைப் பார்த்துக்கொள்வார். பார்த்தால் அன்று தையல் ஓடாது. இப்போது அந்த முகம் தன் கழுத்தின் மேல் இருப்பதாகத் தோன்றியது.

எலும்பு வெளியே வந்தார். டாக்டரம்மாவும் படியேறி வந்துவிட்டார். இருவரும் திரையைப் பார்த்தார்கள். குட்டிக் குட்டி விலா எலும்புகள், மீன் முள் மாதிரி.

"தொண்டை சுத்தமா இருக்கு. நெஞ்சும் சுத்தம், வயிறும் சுத்தம்," என்றார் டாக்டரம்மா. "உலோகம் எதுவும் இல்ல."

"நல்லாப் பாருங்கம்மா. ஊசிம்மா. ஒரு ஊசி குறையுது."

"ஊசியா?" எலும்பு படீரென்று தம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட பாவி மனுஷா! அதுக்குத்தானேய்யா ஆறு தடவ போன் பண்ணேன்!"

மேஜையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கதாநாயகி மயக்கம் தெளிந்து கண் திறக்கும் வரியில், தாளைத் துளைத்துக்கொண்டு நின்றது ஊசி. காதில் நூல் இல்லை.

அப்போதுதான் அந்த இருட்டு இடத்தில் வெளிச்சம் விழுந்தது. இன்று மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, எல்லையைத் தாண்டி, புத்தகத்துக்கு நடுவில் ஒரு வரிசை தைத்துவிடலாம் என்று ஊசியை எடுத்தார். நான்காவது இழையைப் பிரிக்கும் முன்பே ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அதில் படுத்திருந்த பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள். ஊசியைத் திறந்திருந்த பக்கத்திலேயே குத்தினார், புத்தகத்தை மூடினார், லிஃப்டை மூன்றாம் மாடிக்கு விட்டார். அந்தப் பிடியில் ஊசியையும் மறந்தார், எண்ணி வைப்பதையும் மறந்தார்.

டாக்டரம்மா கிடுக்கியால் இழையைப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல இழுத்தார். முழ நீளச் சிவப்பு நூல் எச்சிலோடு வழுக்கி வந்தது. முனையில் ஒன்றும் இல்லை. மூட்டை ஆஸ்பத்திரி அதிர ஒரு கத்துக் கத்தியது. இவ்வளவு இனிமையான அழுகையை அவர் கேட்டதே இல்லை. சுவரில் சாய்ந்து, தானும் குழந்தை மாதிரி அழுதார்.

லிஃப்டில் இறங்கும்போது மூவர் மட்டும்தான். குழந்தை விக்கிக்கொண்டே தூங்கிவிட்டது.

"நீ போகணும்னா போம்மா," என்றார். "நான் தடுக்க மாட்டேன். வாக்கத் தவறுனது நான்தான்."

தங்கை கதவையே பார்த்துக்கொண்டு பேசினாள். "ஊசி தொலஞ்சதுக்கு எனக்குக் கோபம் இல்லண்ணா. கைதவறாத மனுஷன் யாரு? நீ என்ன தேடறன்னு நான் கேட்டப்போ சாவி ஆணியிலதான் தொங்குச்சு. அதப் பாத்துட்டுத்தான் கேட்டேன்."



"பயந்துட்டேன்மா."

"நானுந்தான் பயந்தேன். நீ பொய் சொல்ற ஆளில்ல. நீயே பொய் சொல்றன்னா உள்ள என்னமோ பெருசா இருக்குன்னு அங்கேயே என் கால் ரெண்டும் செத்துப்போச்சு. நான் எதையாவது கேட்கறதுக்கு முன்னாடி புள்ள குமட்டிடுச்சு. அந்தக் கொஞ்ச நேரத்துல நான் அவ வாயில கை விட்டு இழுத்திருந்தா? உள்ள ஊசியும் இருந்திருந்தா?"

 

கீழ்த் தளம் வந்து கதவு திறந்தது. அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

"குழந்தையோட இந்த முக்காலியில உக்காரு. ரெண்டு நிமிஷம்." படியேறி ஓடினார். தகர டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். டாக்டர் ஊசியின் அளவைக் கேட்டால் காட்டலாமே என்று எடுத்து வந்தது. அதை எலும்பின் மேஜை இழுப்பறையில் வைத்து, மூன்றாவது ஊசியையும் போட்டு மூடினார்.

"இனிமே இது வீட்டுக்கு வராது. இங்கயே இருக்கட்டும். வீட்டுக்குப் புத்தகம் மட்டுந்தான்."

"புத்தகத்த நீ கொண்டுபோயிட்டா நான் எப்படிய்யா படிக்கிறது? இப்பத்தான் அவ கண்ணு தொறந்திருக்கா!"

"நாளைக்கு மூணு மணிக்குத் தரேன், படி. அவ எங்கயும் ஓடிட மாட்டா."

தங்கை போகவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு இழுப்பறையைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, அவரே அவளுக்குப் போன் போட்டார்.

"மூணு," என்றார்.

அந்தப் பக்கம் மூட்டை எதையோ தரையில் போட்டு உடைக்கும் சத்தம். பிறகு தங்கையின் குரல்.

"சரி. சாவி கிடைச்சுதா?"

சிரிப்பா கோபமா என்று பிடிபடவில்லை. மாதங்கள் ஆகின்றன. இன்றும் மூன்று மணிக்கு அவர் எண்ணிச் சொல்கிறார், இன்றும் அவள் அதையே கேட்கிறாள். இன்றும் அதைக் கேட்கும்போது அவர் உள்ளங்கை வேர்க்கிறது.

"கிடைச்சுதும்மா," என்கிறார் ஒவ்வொரு நாளும்.