அப்பாவின் மேல் விழுந்த பழி

கண் விழிப்பதற்கு முன்பே கை சொறிய ஆரம்பித்திருக்கும். கழுத்திலும் முழங்கையிலும் வரிசையாக மூன்று நான்கு தடிப்புகள், துவரம்பருப்பு அளவில் சிவந்து, தொட்டால் சுடும். சொறிந்தால் எரியும், சொறியாவிட்டால் உயிர் போகும். அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்த எங்களுக்கு, ஒரு கோடை முழுக்க இப்படித்தான் விடிந்தது. எனக்கு ஒன்பது வயது, தம்பி செல்வத்துக்கு மூன்று. நானாவது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவன் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி, அது சீழ் பிடித்து, காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தான்.

அம்மா முதலில் சந்தேகப்பட்டது மூட்டைப்பூச்சியைத்தான். பாய், தலையணை, கந்தல் துணி எல்லாவற்றையும் வாசலில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, மூன்று நாள் வெயிலில் காய வைத்தாள். சுவர் வெடிப்புகளில் மண்ணெண்ணெய் விட்டு, மேலே சுண்ணாம்பு அப்பினாள். "உள்ள வேற எதுனா இருக்குதாடி?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். நாலு நாள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். ஐந்தாம் நாள் காலை தம்பியின் கன்னத்தில் மறுபடியும் தடிப்பு. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பூச்சி இல்லை என்று ஆனதும் பழி அப்பாவின் மேல் விழுந்தது. சூளையிலிருந்து இறங்குகிற கப், சாஸர், பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துப் பழுது பிரிப்பது அவர் வேலை. ஆள் குறைந்த நாட்களில் பளபளப்புக்குப் பூசுகிற "கிளேஸ்" கலக்கவும் போவார். சாயங்காலம் புருவம்வரை வெள்ளையாக வந்து நிற்பார். "அந்த மருந்து மாவுதாங்க புள்ளைங்க ஒடம்பத் திங்குது" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அவர் வெளியிலேயே குளித்தார், சட்டையை வேலியில் போட்டார், வாசலில் சாக்கை விரித்துப் படுத்தார். அவர் உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. அதை அவர் சொல்லிக் காட்டியபோது, "ஒங்களுக்குத் தோலு மரத்துப்போச்சு, புள்ளைங்களுக்குத் தாங்குமா?" என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள்.

ஆஸ்பத்திரிக் களிம்புக்கும் அது கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். செல்வம் கஞ்சிகூடக் குடிக்காமல் துவண்டுபோன அன்று, அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, "வேலையா புள்ளையா, நீங்களே சொல்லுங்க" என்றாள். அப்பா மறுநாள் போய் மேஸ்திரியிடம் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய் மாமா நிலத்தில் கூலி வேலை செய்வது என்று ஏற்பாடு. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வித்தை பீங்கானில் பழுது கண்டுபிடிப்பதுதான். அதை விட்டுவிட்டு அவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சாமான் கட்டும்போது என் பாய்ச் சுருளிலிருந்து பொம்மை உருண்டு விழுந்தது. குடம் ஏந்திய பீங்கான் பெண். காது உடைந்ததால் கழித்துப் போட்டதை அப்பா எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். உள்ளே வெற்றிடம், அடியில் விரல் நுழைகிற துளை. அவளுக்குக் குளிருமே என்று அந்தத் துளை வழியாகப் பழைய சீலைக் கிழிசலை அடைத்து, தம்பியும் நானும் படுக்கிற பாயில் தினமும் என் பக்கத்திலேயே படுக்க வைத்திருந்தேன். அம்மா கொதிநீர் ஊற்றிய அன்று, சூட்டில் வெடித்துவிடுவாள் என்று பயந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்ததும் நான்தான். பாய் காய்ந்து நாலு நாள் ஆன பிறகுதான் எடுத்தேன்.

அப்பா பொம்மையைப் பழக்கதோஷத்தில் கவிழ்த்துப் பார்த்தார். துளையைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள். "இது சூளப் புள்ளி இல்லியே" என்றார். சூளையில் விழுகிற புள்ளி பீங்கானோடு சேர்ந்து வெந்துவிடும், என்ன தேய்த்தாலும் போகாது. அவர் எச்சில் தொட்டுத் தேய்த்தார். பழுப்பாக விரலில் ஒட்டிக்கொண்டது. துணியை மெல்ல உருவினார். மடிப்புக்கு மடிப்பு மூட்டைப்பூச்சி, எங்கள் ரத்தத்தைக் குடித்து உப்பிப்போய்.

"அன்னிக்கி இத வெயில்ல வெக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்குள் கிணற்றடியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "நாந்தான் ஒடஞ்சிடுமேன்னு எடுத்து வெச்சேன், மறந்துட்டேன்" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு பேட்டைக்கு ஓடினார். அவர் உட்காரும் பலகையில் கம்மாபுரத்து ஆள் ஒருவர் உட்கார்ந்து கப்புகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாராம். நாங்கள் அன்றே பஸ் ஏறினோம். செல்வத்துக்குப் பத்து நாளில் புண் ஆறிவிட்டது. அப்பாவின் கைகள் மண்வெட்டிக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

அந்த ஒற்றை அறை வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. மூட்டைப்பூச்சி என்றால் என் பேரப்பிள்ளைகளுக்குப் படம் காட்டித்தான் விளக்க வேண்டும். வெந்நீரில் முக்கி எடுத்த பொம்மை, வயிற்றில் துணி இல்லாமல், என் அலமாரியில் நிற்கிறது. "பொம்மைய எடுத்து வெச்சி வேலையத் தொலச்ச மனுசன்" என்று அம்மா சாகும்வரை சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்காமல். இருவரும் போய்விட்டார்கள். ஒளித்து வைத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் வந்திருக்கிறது. கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லை.