அத்தை வாயசைத்த பாட்டு

எங்கள் குடும்பத்தில் செல்போனில் தேடினால் முகம் கிடைக்கிற ஒரே ஆள் என் அத்தைதான். ஏரிக்கரை, வெள்ளைப் புடவை, தலையில் இழுத்துப் போர்த்திய முக்காடு, இடது ஓரத்தில் கொஞ்சம் ஆடுகள். ஐந்து நிமிடம்கூட வராத ஒரு பாட்டு. அதைப் பார்த்தவர்கள் தொகை ஒன்றும் பெரிதில்லை. அதிலும் பாதி நான் பார்த்ததாகத்தான் இருக்கும். அந்த ஆடுகளுக்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் கவுனின் ஓரமும் ஒரு கையும் வந்து போகும். அது நான்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. எங்கள் ஊர் தேர்வாய் கண்டிகைப் பக்கம். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா காலத்தில் எல்லோரும் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். அத்தை அப்பாவின் தங்கை. அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் சர்ச் சபையில் பாட்டு என்றால் அத்தைதான். மைக் கெட்டுப்போன ஞாயிற்றுக்கிழமையில்கூட அவள் குரல் வாசலில் செருப்பு விடுகிறவர்களுக்கு வந்து சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட குரல் அது. இதை நான் பாசத்தில் சொல்லவில்லை, ஊரே சொல்லும்.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாப்பாவுக்குத் தலை நின்று, குப்புற விழுந்து, ஊரே கொஞ்சிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அத்தையின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. பனி என்றார்கள், பாடிப் பாடித் தொண்டை புண்ணாகிவிட்டது என்றார்கள். கடைசியில் சென்னை பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்தாக வேண்டும், உயிர் தங்கும், பேச்சு தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அத்தை மட்டும் சித்தப்பாவைக் கூப்பிட்டு, ஒரு பாட்டு ரெக்கார்டு பண்ண வேண்டும் என்றாள்.

சித்தப்பா அத்தைக்குத் தம்பி. வாரத்தில் ஆறு நாள் கம்பெனியில் மிஷின் ஓட்டுவார். ஏழாவது நாள் டைரக்டர் ஆகிவிடுவார். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு எல்லாம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் காதல் ஆல்பம், காதுகுத்து ஆல்பம், கண்ணீர் அஞ்சலி ஆல்பம் எல்லாமே அவர் கைவண்ணம்தான். காதல் பாட்டென்றால் பைக் வேண்டும், சபைப் பாட்டென்றால் ஆடு வேண்டும், அஞ்சலி என்றால் மேகம் வேண்டும். வீடியோ எடுக்கிற கலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மொத்தமும் இவ்வளவுதான்.

திருநின்றவூரில் ஒரு மாடி ரூமில் இருந்த ஸ்டூடியோவில் அத்தை பாடினாள். தானே இட்டுக்கட்டிய பாட்டு. இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் குரல் உடையும். அங்கிருந்தவர் அதைக் கம்ப்யூட்டரில் வழவழப்பாக்கித் தருகிறேன் என்றாராம். அத்தை வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். திரும்பி வந்ததும் எங்கள் வீட்டில்தான் அந்தப் பேச்சு நடந்தது. வீடியோவுக்குக் காலேஜ் படிக்கிற ஒரு பெண்ணை வாயசைக்க வைக்கலாம், பார்க்க லட்சணமாக இருக்கும், அத்தை உடம்பு சரியாகி வருவதற்குள் முடித்துவிடலாம் என்று சித்தப்பா திட்டம் சொன்னார். எனக்குக்கூட அதுதான் சரியென்று பட்டது. அந்தக் காலேஜ் அக்கா கூந்தலை விரித்துவிட்டால் இடுப்பு வரை வரும்.

அத்தை பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். "கொரல் மட்டும் இருந்தா, யாரோ பாடறாங்கன்னு நெனச்சிக்கும்டா இது. என் வாயி தெரியணும். நான்தான் பாடினேன்னு தெரியணும்."

அத்தை பேசி நான் கேட்டதில் இன்றைக்கும் நினைவிருப்பது இதுதான். அடுத்த வாரம் ஆபரேஷன்.

திரும்பி வந்த அத்தைக்குக் கழுத்தில் ஒரு துளை இருந்தது. மூச்சு அதன் வழியாகத்தான். மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பாள். பேச்சு இல்லை, ஆனால் வாயசைப்பு உண்டு. பெரியவர்கள் திணறினார்கள், எனக்கு எப்படியோ அது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. கடைக்குப் போனால் அத்தைக்குப் பக்கத்தில் நின்று, அவள் வாயைப் பார்த்து, "கால் கிலோ துவரம்பருப்பாம்" என்று நான் சொல்வேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

உடம்பு தேறியதும் வீடியோ எடுக்க நாள் குறித்தார்கள். செம்மறி ஆடு வேண்டும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் செம்மறிக்கு எங்கே போவது? மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், அக்கம்பக்கத்தில் கேட்டு வெள்ளாடுகளை ஓட்டிவந்தார். பாஸ்டருக்கு முகமே மாறிவிட்டது. நியாயத்தீர்ப்பு நாளில் வெள்ளாடுகள் இடது பக்கம் ஒதுக்கப்படும் என்று வேதத்தில் இருக்கிறதே என்றார். சித்தப்பா அசரவில்லை. "அப்ப ஃபிரேம்லயும் எடது பக்கமே நிறுத்திட்றேன் பாஸ்டர்" என்றார். ஆடு பிடிக்கிற வேலை எனக்கு வந்ததால் நானும் இடது பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

கேமரா பிடிக்க கும்மிடிப்பூண்டியிலிருந்து ஓர் அண்ணன் வந்திருந்தார். அத்தையின் ஆபரேஷன் விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. தெரிந்தால் பரிதாபப்படுவார், வேலை கெடும் என்று சித்தப்பா நினைத்தார் போல. அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லிவைத்தார். அந்த அண்ணனுக்குத் தலைவலியெல்லாம் வேறு. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஒரு கம்பெனியின் புகைக்கூண்டு உள்ளே வந்தது. "இன்னாபா இது, பெத்லகேமுக்குப் பின்னால கம்பெனியா?" என்று புலம்பிக்கொண்டே கடைசியில் ஏரிப் பக்கம் ஒரு கோணம் பிடித்தார்.

படப்பிடிப்பு என்றால் "சத்தம் போடாதீங்க" என்று அதட்டுவார்கள் என நான் நினைத்திருந்தேன். அப்படி யாருமே சொல்லவில்லை. ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, ஆடு கத்தியது, எவரும் கவலைப்படவில்லை. பாட்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் ஓடும். அத்தை அதற்கு வாயசைத்தால் போதும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். முதலில் ஸ்லோமோஷன் எடுத்தார்கள். அதற்குப் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட வேண்டுமாம். அத்தையும் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு படத்தை மெதுவாக ஓட்டினால் புடவை காற்றில் மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகச் சேரும். பெட்டியிலிருந்து அத்தையின் குரல் அணில் கத்துகிற மாதிரி கீச்சுகீச்சென்று வந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தையும் சிரித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் மட்டும் இல்லை.

அதற்கப்புறம் முகத்தைக் கிட்டத்தில் எடுக்கிற காட்சி. பாட்டு இப்போது ஓடவேண்டிய வேகத்தில் ஓடியது. கூச்சமோ என்னவோ, அத்தை உதட்டை மட்டும் லேசாக அசைத்தாள். கேமரா அண்ணன் கேமராவை நிறுத்திவிட்டார்.

"யக்கா, சும்மா வாய மெல்லாதீங்க. நெஜமாவே சத்தமா பாடுங்க. பாடினாத்தான் நெஞ்சு ஏறி எறங்கும், கழுத்து நரம்பு எழும்பும். இல்லாட்டி வேற ஆளு பாட்டுக்கு வாயசைக்கிற மாதிரி இருக்கு."

"தொண்ட கட்டிக்கினு இருக்குதுபா" என்றார் சித்தப்பா.

"கட்டிக்கினு இருந்தா இன்னா? கேமராவுக்குக் காதா இருக்குது? கரகரன்னு வந்தாலும் பரவால்ல, பாடச் சொல்லு."

மாமா ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அத்தைதான் முன்னால் நடந்து போய், முக்காட்டை விலக்கி, கழுத்துத் துணியைத் தூக்கிக் காட்டினாள். அந்த அண்ணன் பார்த்தார். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். அப்புறம், "மன்னிச்சிடுங்கக்கா, எனக்கு யாரும் சொல்லல" என்றார். சித்தப்பா பக்கம் திரும்பி முறைத்த முறைப்பில் அவருடைய கறுப்புக் கண்ணாடியே கழன்று கைக்கு வந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த அண்ணனுக்குக் குரலே மாறிவிட்டது. முகத்தைக் காட்டாமலேயே எடுக்கலாம் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். பின்னாலிருந்து நடந்து போகிற மாதிரி, சூரியனுக்கு எதிரில் நிழலாக நிற்கிற மாதிரி, கூப்பிய கை மட்டும், தண்ணீர் மட்டும். பெரிய பெரிய பாடகர்கள்கூட இப்போது இந்த ஸ்டைலில்தான் எடுக்கிறார்கள் என்றார். "நல்லாவே இருக்கும்க்கா, ஒண்ணும் கொறையாத் தெரியாது." சித்தப்பா தலையாட்டினார். மாமாவும் தலையாட்டினார். அத்தை போய்விடலாம் என்பதுபோல முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். எனக்குக் கால் வலித்தது, ஆடு வேறு இழுத்தது. சரியென்று சொல்லித் தொலைக்க மாட்டாளா என்றிருந்தது.

அந்த நேரத்தில்தான் என் அம்மாவின் மடியிலிருந்து பாப்பா இறங்கிவிட்டது. பேச்சு மும்முரத்தில் பாட்டை நிறுத்த எல்லோரும் மறந்திருந்தார்கள், அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா தவழ்ந்து தவழ்ந்து நேராக ஸ்பீக்கர் பெட்டிக்குப் போனது. பெட்டியைப் பிடித்து எழுந்து நின்றது. அதன் வலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது. "அடியே, பொட்டியப் போயி கட்டிக்கினு நிக்குது பாரு!" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று பழைய இடத்துக்கே போய் நின்று, என்னைப் பார்த்து வாயசைத்தாள்.

"பாட்டு மொதல்லேர்ந்து போடணுமாம்" என்று நான் சொன்னேன்.

போட்டார்கள். அத்தை பாடினாள். வாயசைத்தாள் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு எழும்பியது, கண் ஊருக்கு அப்பால் எங்கோ போனது. குரல் உடைகிற அந்த இரண்டாவது சரணத்தில் அவள் முகமும் அதே இடத்தில் உடைந்தது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும், ஒவ்வொரு வரிக்கும் அந்தத் துணிக்குள்ளிருந்து ஸ்ஸ் ஸ்ஸ் என்று காற்று வருவது கேட்டது. கேமராவுக்குக் காது இல்லாததால் அது எதிலும் பதியவில்லை. பாட்டு முடிந்ததும் மாமா வந்து அத்தையை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சில வாரம் கழித்து எடிட்டிங் முடிந்து, சித்தப்பா பாட்டைப் பென்டிரைவில் கொண்டுவந்து எங்கள் வீட்டு டிவியில் சொருகினார். எல்லோரும் உட்கார்ந்தோம். அத்தை மடியில் பாப்பா. எனக்கு முதலிலேயே வயிற்றெரிச்சல். அவ்வளவு நேரம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு கையும் கவுன் ஓரமும்தான் தெரிகிறது. முகத்தை வெட்டிவிட்டார்கள்.

டிவியில் அத்தை பாடினாள். உதடும் குரலும் ஒன்றாகப் போயின. துணியும் தெரியவில்லை, துளையும் தெரியவில்லை. பாப்பா டிவியைப் பார்த்தது. பிறகு தலையை அண்ணாந்து அத்தையைப் பார்த்தது. மறுபடி டிவி, மறுபடி அத்தை. மடியிலேயே எழுந்து நின்று அத்தையின் உதட்டைப் பிடித்தது. விரல்களை வாய்க்குள் விட்டு எதையோ தேடியது. அத்தை வாயைத் திறந்து கொடுத்தாள். டிவியில் ஓடுகிற பாட்டோடு சேர்ந்து அவளும் பாடினாள். பாப்பா கையை எடுக்கவே இல்லை.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா சுவரோடு சாய்ந்துகொண்டார். சித்தப்பா எழுந்து வெளியே போனார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பெரியவர்கள் இருக்கிறார்கள், ஒருத்தருக்காவது கண் தெரிகிறதா?

"பாப்பாக்குப் பசிக்குது, வாய்ல கை வெச்சிக்கினு கேக்குது, யாருக்கும் தெரிலயா?" என்று கத்திவிட்டு, பால் புட்டியைத் தேடி அடுப்படிக்கு ஓடினேன்.