படாத குத்து

எனக்குக் கல்யாணம் ஆனபோது என் கணவர் திருவனந்தபுரத்தில் மராமத்து ஆபீசில் குமாஸ்தா. ரோடும் பாலமும் சர்க்கார் கட்டடங்களும் அந்த ஆபீசின் பொறுப்பு. ஆனால் கரமனையிலோ சாலைக் கடைத்தெருவிலோ அவரை யாரும் குமாஸ்தா என்று சொல்லிக் கேட்டதில்லை. மலையாளத்தில் குத்துக்கு இடி என்று பெயர். அதனால் ஊருக்கு அவர் இடிக்காரர்.

சிறுவயதில் கொழும்புக்கு, மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போனவர். பகலில் கடை, சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் ஒரு கூடத்தில் குத்துச்சண்டை. மாமா கடையை மூடிக்கொண்டு ஊர் திரும்பியதும் இவரும் வந்து பரீட்சை எழுதி சர்க்கார் வேலையில் அமர்ந்தார். விடுமுறை நாட்களில் நாகர்கோவில், கொல்லம், கொச்சி என்று எங்கே கொட்டகை போட்டாலும் போய் மேடையேறுவார். எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசிய தரகர் என் அப்பாவிடம், "பையன் தங்கம், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அடிபிடி" என்று சொன்னாராம். அப்பா பல நாள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆரம்ப வருஷங்களில் அவர் சண்டை போட்டு ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. வீடு வந்து சேர்ந்ததைத்தான் பார்த்தேன். வீங்கிய உதடு, மூடிக்கொண்ட கண், கிழிந்த புருவம். வெந்நீர் போட்டுக்கொடுப்பது என் வேலை. ஜெயித்தாரா தோற்றாரா என்று கேட்டால்தான் சொல்வார். எதுவானாலும் எதிராளியைப் பற்றியே பேசுவார். அவனுடைய இடது கை எவ்வளவு சுத்தமாக வந்தது, அவன் கால் வைத்த அழகு என்ன என்று. தன்னை அடித்தவனை அப்படிப் புகழ்கிற ஒரு மனிதரை அதுவரை நான் கண்டதில்லை.

பிறகு கொச்சியில் ஒரு சண்டையில் வலது கை எலும்பு முறிந்தது. கட்டை அவிழ்த்த நாளில், இனி மேடை வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரும் விட்டார். மூன்று வருஷம் நல்ல குமாஸ்தாவாக இருந்தார். லேசாகத் தொந்திகூட விழுந்தது. நான் அதில் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அப்போது தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு அப்பால் காய்ந்து கிடந்த வயலில் ஒரு சர்க்கஸ் வந்து கூடாரம் அடித்தது. அதில் கொச்சிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். யானைக்கும் கோமாளிக்கும் நடுவே மேடையில் நின்றுகொண்டு, ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கூப்பிடுவான். போனவர்கள் எல்லாரும் விழுந்தார்கள். நம்ம ஆள் மட்டும் ஏறினால் தெரியும், என்று ஆபீசில் பேச்சு கிளம்பிவிட்டது. இரண்டு வாரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார்.

"இஞ்சேரு, ஒரு தடவை ஏறட்டா?"

"கேக்குதியளா, சொல்லுதியளா?"

"கேக்கேன்."

இதற்கு முன் அவர் என்னைக் கேட்டு மேடையேறியதில்லை. அதனால் மறுக்க மனம் வரவில்லை. கை தாங்குமா என்று மட்டும் கேட்டேன். தாங்கும் என்றார்.

"அப்பம் நானும் வருவேன். வெந்நீரு போடுதது மட்டுமா எனக்க பங்கு?" என்றேன்.

சர்க்கஸ் கிளம்ப இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. விடிவதற்கு முன் எழுந்து சங்குமுகம் கடற்கரை வரை ஓடிவிட்டு வருவார். கொல்லையில் பலாமரக் கிளையில் மணலும் தேங்காய்நார்ச் சகிரித்தூளும் அடைத்த சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கிணற்றுக் கயிற்றின் பழைய துண்டை வைத்துக்கொண்டு குதிப்பார். பால்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரிப்பார். அதற்காக ஒருநாளும் இவர் நிறுத்தியதில்லை. ஆபீசுக்கு ஒருநாள்கூடத் தாமதமாகப் போகவும் இல்லை. தொந்தி கரைந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். எனக்கும் அவர் கல்யாணத்தன்று இருந்தது போலத்தான் தெரிந்தார்.

சண்டை நடந்தது ஒரு சனிக்கிழமை மாலை ஆட்டத்தில். நானும் என் நாத்தனாரும் பெண்கள் பகுதி பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி அடித்ததும் அவர் நடந்து வந்தார். வீட்டில் வாளியைத் தூக்கும்போதும் குடையை மடக்கும்போதும் நான் பார்த்த அதே உடம்புதான். ஆனால் இங்கே ஒரு அசைவுகூட வீணாக இல்லை. பையன் வீசினான், இவர் தலையை ஒரு விரற்கடை நகர்த்தினார், குத்து காதோரம் போனது. கூடாரம் முழுக்க இவர் பக்கம் கத்தியது. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் வீட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேனே என்று தோன்றியது.

அது முதல் ரவுண்டு. இரண்டாவதில் பையனின் குத்துகள் படத் தொடங்கின. மூன்றாவதில் இவர் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். எழுந்து கையைத் தூக்கியபோது நடுவர் குறுக்கே வந்து போதும் என்று நிறுத்திவிட்டார். இவர் தள்ளாடிக்கொண்டே போய்ப் பையனின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். நாத்தனார் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் அவர் சொன்னது ஒன்றுதான்:

"கண்ணு கண்டுது. வருதுன்னு தெரிஞ்சுது. கை போகல்லை."

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலையிலேயே பேச்சு மாறிவிட்டது. விளக்கு கண்ணில் அடித்தது என்றார். கையுறை தொளதொள என்று இருந்தது என்றார். முகத்து வீக்கம் வடிவதற்குள் சாக்கைக் குத்தப் போய்விட்டார். சர்க்கஸ் போய்விட்டது, இவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. இனி மதி, போதும் தம்பி, என்று நாத்தனார் சொன்ன அன்று சாப்பிடாமலே ஆபீசுக்குப் போனார். கத்த மாட்டார், கோபப்பட மாட்டார். அதைத்தான் வீட்டில் யாராலும் தாங்க முடியவில்லை. ஒருநாள் நான் பொறுக்காமல், வயது முப்பத்தாறு ஆகிறதே என்றேன்.

"ஆபீசிலே முப்பத்தாறு சின்னப் பிராயம். அம்பத்தஞ்சு வரைக்கும் அங்க இருக்கலாம். மேடையிலே மட்டும் நான் கிழவன், கேட்டியா?" என்றார்.

நான் உள்ளே போய்விட்டேன்.

சாலைக் கடைத்தெருப் பக்கம் நாடகக் கொட்டகை வைத்திருந்த ஒருவர் அவரைத் தேடி வந்தது சில மாதம் கழித்து. கொல்லத்துத் துறைமுகத்தில் மூட்டைச் சுமடு எடுக்கிற பலசாலி ஒருவன் இருக்கிறான், அவனோடு மோதலாமா என்று கேட்டார். இவர் முகம் மலர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சண்டையன்று நானும் போனேன்.

கொல்லத்துக்காரன் ஆள் பெரியவன். முதல் ரவுண்டில் இரண்டு பேரும் அதிகம் தொட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது ரவுண்டின் நடுவில் இவர் வலது கையை வீசினார், அவன் பொத்தென்று மல்லாந்து விழுந்தான். கொட்டகை எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன். மேலே நடுவர் எண்ணிக்கொண்டிருந்தார். இவர் மட்டும் சந்தோஷப்படாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எண்ணி முடிப்பதற்குள் குனிந்து, விழுந்தவன் தோளைத் தொட்டு ஏதோ கேட்டார். அவன் கண்ணைத் திறந்தான். இவர் அவனைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"இது கொண்டில்ல. எனக்க குத்து இவர் மேலே படல்லை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கொட்டகைக்காரர் ஓடிவந்து காதில் ஏதோ சொன்னார். இவர் தலையை ஆட்டி மறுத்து, கையுறைக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். ஜனங்கள் கூவினார்கள், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஆயிற்றே. ஒரு வாழைப்பழத்தோல் வந்து அவர் மார்பில் விழுந்தது. கூச்சல் அடங்கும்வரை நின்று, அந்த ஆளின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லி, சபையைக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அன்று எவ்வளவு பெருமை இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. என்னைப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

உள்ளூர்க்காரர் ஜெயித்தால் அடுத்த தடவையும் கூட்டம் வரும் என்று கொட்டகைக்காரர்தான் அவனை விழச் சொல்லியிருந்தாராம். வீட்டுக்கு வந்து இவர் அதைச் சொன்னார். ஏமாற்றியதுகூடச் சாரமில்லை, போகட்டும் என்றார்.

"அவர் சொன்னதுக்காக மட்டுமில்ல, அவன் என்னைப் பாத்துப் பாவப்பட்டு விழுந்தான். விழுந்து கிடக்கும்போ அவனுக்க கண்ணைப் பாத்தேன். அப்பம் எனக்கு விளங்கிச்சு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலாமரத்தில் ஏறிச் சாக்கை அவரே அவிழ்த்து இறக்கி, மணலைத் தென்னையின் வேர்மூட்டில் கொட்டினார். அதனால் உடம்பு கேட்டுவிடுமா? விடிவதற்கு முன் தானாக விழிப்பு வரும். எழுந்து போக இடமில்லாமல் படுத்துக் கிடப்பார். சாயங்காலங்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லியறியாதவர் புளிக்கறியில் உப்பு போதாது என்று என்னோடு சண்டை போட்டார். பஞ்சாங்கம் படித்தார். தோட்டம் போட்டார், பாதியில் விட்டார். ஒரு வருஷம் இப்படிப் போனது. யுத்தம் வந்து அரிசிக்கு அலைகிற காலமும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கொச்சிப் பையன் சர்க்கஸோடு ஊருக்கு மறுபடி வந்திருக்கிறான் என்று தெரிந்தபோது இவர் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் அடுக்களைக்கு நேராக வந்து, பையனுடைய இடது கை இப்போது எப்படி வருகிறது என்று காட்டத் தொடங்கினார். காட்டிக்கொண்டே வந்து, கை வேகம் போதாமல் பாதியில் நிறுத்தி, தானே சிரித்துவிட்டார். இரண்டு வருஷத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

அதற்குப் பின் நாகர்கோவிலில் என் தங்கை கல்யாணம். பந்தியில் அவர் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர். எதிர்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் குத்துச்சண்டைக்காரராமே என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

"ஆயிருந்தேன். நல்லாவே சண்டை போட்டிருக்கேன். இப்பம் மராமத்திலே கிளார்க்கு" என்று இவர் சொன்னார்.

குரலில் வருத்தம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. ஆபீசில் என்ன வேலை என்று பெரியவர் கேட்க, நெய்யாற்றில் பாலம் பழுது பார்ப்பதைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடைப்பிரதமன் பாயசம் விளம்புகிறவர் இவர் இலையில் ஊற்றிவிட்டு நகர்ந்தார். இவர் பேச்சை நிறுத்தி அவரைத் திரும்பக் கூப்பிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.